79 கிலோவில் நின்ற எடை: இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய எதிர்பார்ப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

உடல் பருமனுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்மணியின் நான்கு ஆண்டுப் பதிவு இது. அறுவை சிகிச்சை சிக்கலின்றி முடிந்தது. எடையும் எதிர்பார்த்த அளவுக்குக் குறைந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு என்பது மருத்துவக் குழுவுக்கு ஒன்றாகவும் அவருக்கு வேறொன்றாகவும் இருந்தது. அந்த இடைவெளி மன வருத்தத்தோடு நிற்கவில்லை. அவருடைய இரத்தத்தையும் தசையையும் கரைத்தது. எட்ட முடியாத இலக்கு ஒருவரை எப்படி நோயாளியாக்கும் என்பதை இதில் படிப்படியாகப் பார்க்க முடிகிறது. நான் அந்தக் குழுவின் உணவியல் நிபுணர். அவருடைய ஒப்புதலுடன், அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு எழுதுகிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 42. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 118 கிலோ. பிஎம்ஐ எனப்படும் உடல் நிறை குறியெண் 47. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. இரண்டு வகை மாத்திரைகள் எடுத்தும் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6 சதவீதத்துக்குக் கீழே வரவில்லை. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் எடுத்துவந்தார். உறக்கத்தில் மூச்சு தடைபடுவதால் இரவெல்லாம் முகக்கவசத்துடன் கூடிய காற்றழுத்தக் கருவியோடு படுத்தார். வலது முழங்கால் தேய்ந்திருந்ததால் ஒரு மாடி ஏறுவதற்குள் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

உணவுக் கட்டுப்பாட்டால் மூன்று முறை 10 கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறார். மூன்று முறையும் குறைத்ததைவிட அதிகமாகத் திரும்பி ஏறியது. இதை அவர் தன் மன உறுதிக் குறைவு என்றே சொன்னார். அப்படி இல்லை. எடை குறையும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, நிறைவைத் தரும் ஹார்மோன்கள் குறைகின்றன. இழந்த எடையை மீட்க உடல் எடுக்கும் இந்த முயற்சியை மன உறுதியால் மட்டும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நிற்பது மிகச் சிலருக்கே முடியும். அறுவை சிகிச்சையின் பயன் வயிற்றின் அளவைச் சுருக்குவதோடு முடிவதில்லை. இந்த ஹார்மோன் சமநிலையையும் அது மாற்றுகிறது. அவருக்கு அது பொருத்தமான சிகிச்சை என்பதில் குழுவில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

58 என்ற எண் வந்த வழி

முதல் சந்திப்பில் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டேன்: ‘எந்த எடைக்கு வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?’ யோசிக்காமல் பதில் வந்தது: ‘58. அதிகம் போனால் 60.’ 58 என்பது 24 வயதில் அவருக்கு இருந்த எடை.

அந்த எண்ணுக்கு வேறு இரண்டு வேர்களும் இருந்தன. அவருக்குத் தெரிந்த 28 வயது இளைஞர் ஒருவர் இதே அறுவை சிகிச்சைக்குப் பின் 60 கிலோ குறைந்திருந்தார். 118-இல் 60 போனால் 58. கணக்கு அவருக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆனால் அந்த இளைஞர் 160 கிலோவில் தொடங்கியவர். அவருடைய 60 கிலோ என்பது மொத்த எடையில் 37.5 சதவீதம். 118 கிலோ உள்ளவர் 60 கிலோ குறைய வேண்டுமானால் மொத்த எடையில் 51 சதவீதம் போக வேண்டும். மேலும் வயதில் இளையவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள் ஆகியோருக்குச் சராசரியாகச் சற்று அதிகமாகவே குறையும். கிலோவைக் கிலோவோடு ஒப்பிட்டால் இவை எல்லாம் மறைந்துபோகின்றன.

இன்னொரு வேர் ஒரு சதவீதக் கணக்கு. ‘70 சதவீதம் எடை குறையும்’ என்று அவர் படித்திருந்தார். இந்தத் துறையில் மீண்டும் மீண்டும் குழப்பத்தை உண்டாக்கும் வாக்கியம் இதுதான். இதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். எடைக் குறைவை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று, மொத்த எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பது. மற்றொன்று, கூடுதல் எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பது. கூடுதல் எடை என்றால், உடல் நிறை குறியெண் 25-ஆக இருக்கும்போது வரும் எடைக்கு மேல் இருக்கும் பகுதி. இவருடைய உயரத்துக்கு அந்த எடை ஏறத்தாழ 62 கிலோ. அப்படியானால் கூடுதல் எடை 56 கிலோ. அதில் 70 சதவீதம் என்பது சுமார் 39 கிலோ. அவர் வந்து நிற்கும் இடம் 79. அதே 39 கிலோவை மொத்த எடையில் கணக்கிட்டால் 33 சதவீதம். ஒரே உடல், ஒரே இழப்பு. ஒரு அளவுகோல் 70 என்கிறது, மற்றது 33 என்கிறது. பெரிய எண் காதில் விழுந்தவர்கள் ‘ஏறக்குறைய எல்லாமே போய்விடும்’ என்று எடுத்துக்கொள்வது இயல்பு. கூடுதல் எடையில் பாதி குறைந்தாலே வெற்றி என்று மருத்துவ உலகம் நெடுங்காலமாகக் கருதி வந்தது என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

எந்த அறுவை சிகிச்சை, ஏன்

அவர் ஸ்லீவ் முறையைக் கேட்டு வந்தார். இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றி, எஞ்சியதைக் குழாய் போலாக்கும் முறை அது. குடலில் கை வைப்பதில்லை என்பதால் எளிமையானது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அகநோக்கிப் (எண்டோஸ்கோபி) பரிசோதனையில் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் அமில எதுக்களிப்பால் புண் இருப்பது தெரிந்தது. ஸ்லீவுக்குப் பின் எதுக்களிப்பு கூடக்கூடும். சர்க்கரை நோயும் கட்டுக்குள் இல்லை. இந்த இரண்டு காரணங்களால் அறுவை நிபுணர் காஸ்ட்ரிக் பைபாஸைப் பரிந்துரைத்தார். இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பது அந்த முறை. உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் போவதால் இரும்பு, கால்சியம், பி12 போன்றவை குறைவாகவே உறிஞ்சப்படும். வாழ்நாள் முழுவதும் துணைச் சத்துகள் எடுக்க வேண்டும், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்பது அதன் விலை. அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

அறுவைக்கு முன் எழுதிக் கொடுத்தது

பைபாஸுக்குப் பின் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் மொத்த எடையில் 30 முதல் 35 சதவீதம் குறைவது வழக்கம். ஸ்லீவில் 25 முதல் 30 வரை. பைபாஸ் கணக்கில் இவருக்கு இது 77-க்கும் 83-க்கும் இடைப்பட்ட எடை. சராசரியிலிருந்து மனிதர்கள் இரு பக்கமும் விலகுவார்கள் என்பதால் ‘75 முதல் 85 வரை’ என்று எழுதிக் கொடுத்தோம்.

அதன் கீழே இன்னொரு வரியும் இருந்தது: மூன்றாம் ஆண்டுக்குப் பின் சில கிலோ திரும்பி ஏறும். இது எங்கள் ஊகம் அல்ல. 1987-இல் சுவீடனில் தொடங்கிய நெடுங்கால ஆய்வில் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீதம் குறைந்திருந்தது. பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக நின்றது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்துகொண்டவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் ஆண்டில் சராசரி இழப்பு 45 கிலோ, ஆறாம் ஆண்டில் 36, பன்னிரண்டாம் ஆண்டில் 35. முதலில் ஆழமாக இறங்கி, சற்று ஏறி, பிறகு ஏறாமல் நிலைப்பதுதான் இந்தச் சிகிச்சையின் இயல்பான பாதை. ஏறிய சில கிலோவைப் பார்த்துத் தோற்றுவிட்டோம் என்று நினைப்பவர்கள், ஏறாமல் நின்றுவிட்ட முப்பத்தைந்து கிலோவைப் பார்ப்பதில்லை.

அவர் அந்தத் தாளை வாங்கிக் கையொப்பமிட்டார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. மனநல நிபுணரின் மதிப்பீட்டில் மனச்சோர்வோ கட்டுப்பாடின்றி உண்ணும் பழக்கமோ தென்படவில்லை. அறுவை சிகிச்சைக்குத் தடை ஏதும் இருக்கவில்லை. பின்னாளில் அவரே சொன்னது: ‘சராசரி ஆட்களுக்கு 80 என்று புரிந்துகொண்டேன். நான் கடுமையாக உழைப்பேன், எனக்கு 58 வரும் என்று நினைத்தேன்.’ கையொப்பம் ஒருவர் கேட்டார் என்பதற்குச் சான்று. ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அல்ல.

முதல் ஒன்பது மாதங்கள்

கல்லீரலைச் சுருக்க அறுவைக்கு முன் இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு கொடுத்தோம். அதில் 4 கிலோ குறைந்து 114-இல் அறுவை அரங்குக்குப் போனார். நுண்துளை முறையில் அறுவை முடிந்து மூன்றாம் நாள் வீடு திரும்பினார். சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றை அன்றே நிறுத்த வேண்டியிருந்தது. எடை குறையும் முன்பே இரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்கிவிட்டது. குடல் ஹார்மோன்களின் மாற்றம் இதில் பங்கேற்கிறது. பைபாஸுக்குப் பின் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

இரண்டாம் வாரம் 109. மூன்றாம் வாரமும் 109. நான்காம் வாரத் தொடக்கத்திலும் 109. அவர் பதறித் தொலைபேசியில் அழைத்தார். முதல் வாரங்களில் வேகமாக இறங்குவதில் கணிசமான பகுதி நீர். உடல் தன் கிளைகோஜன் (சேமித்துவைத்த சர்க்கரை) இருப்பைக் கரைக்கும்போது, அதோடு பிணைந்திருந்த, அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுள்ள நீரும் வெளியேறுகிறது. பிறகு உடல் நீரை மீண்டும் சமன்செய்யும்போது, கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும் எடைக் கருவி அசையாது. மூன்றாம் வாரத் தேக்கம் பலருக்கும் வருவது. ஒரு வாரம் கழித்து எடை மறுபடி இறங்கியது.

மூன்றாம் மாதம் 98, ஆறாம் மாதம் 88, ஒன்பதாம் மாதம் 82. நான்காம் மாதத்தில் முடி கொட்டியது. வேகமான எடை இழப்புக்குப் பின் வரும் தற்காலிக உதிர்வு என்று விளக்கினோம், ஏழாம் மாதத்தில் நின்றது. ஆறாம் மாதத்தில் மாத்திரை ஏதும் இல்லாமல் எச்பிஏ1சி 6.1. ஒவ்வொரு வருகையிலும் பாராட்டினோம். அவரும் மகிழ்ச்சியாகவே இருந்தார். அந்த மாதங்களின் மகிழ்ச்சி முழுவதும் எடை இறங்கும் வேகத்தில் இருந்தது என்பது வேகம் குறைந்த பிறகுதான் தெரிந்தது.

வேகம் குறைந்த காலம்

ஒன்பதாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரை மூன்று கிலோதான் இறங்கியது. பன்னிரண்டாம் மாதம் அவர் வீட்டில் பார்த்த எடை 79. அந்த மாதப் பரிசோதனைக்கு அவர் வரவில்லை. எங்கள் ஒருங்கிணைப்பாளர் அழைத்தபோது வேலை அதிகம் என்றார். பதின்மூன்றாம் மாதமும் அதே பதில்.

79 என்பது என்ன என்பதை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். மொத்த எடையில் 33 சதவீதம். கூடுதல் எடையில் 70 சதவீதம். அவர் எங்கோ படித்து நம்பி வந்த அந்த 70 சதவீதம் அவருக்கு அப்படியே கிடைத்திருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்த எல்லைக்குள்ளும் நல்ல பக்கத்திலேயே நின்றார். ஆனால் உடல் நிறை குறியெண் 31.6 என்பதால் மருத்துவ அட்டவணை அவரை இன்னும் உடல் பருமன் உள்ளவர் என்றே சொன்னது. அவர் மனத்தில் இருந்த கணக்கோ இன்னும் 21 கிலோ பாக்கி என்றது.

பதினைந்தாம் மாதம்: கண்டவை

பதினைந்தாம் மாதத்தில் கணவருடன் வந்தார். களைப்பு, தலைச்சுற்றல், முடி மறுபடியும் கொத்தாக உதிர்வது, மாடி ஏறினால் படபடப்பு. எடை 77. ஹீமோகுளோபின் 9.4. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. பி12, வைட்டமின் டி ஆகியவையும் குறைவு. உடல் கூறு பரிசோதனையில், ஒன்பதாம் மாதத்துக்குப் பின் போனதில் பெரும்பகுதி தசை என்று தெரிந்தது.

உணவுப் பதிவைக் கேட்டேன். எழுதவில்லை என்றார். கணவர்தான் பேசினார்: ‘ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். காலையும் மாலையும் இரண்டு மணி நேரம் நடக்கிறாள். ஒரு நாளில் நான்கைந்து முறை எடை பார்க்கிறாள்.’ கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு 700 கலோரியை எட்டவில்லை. புரதம் 30 முதல் 35 கிராம். அவருக்கு நாங்கள் சொல்லியிருந்தது குறைந்தது 60, இயன்றால் 80. துணைச் சத்து மாத்திரைகளை நான்கு மாதங்களுக்கு முன்பே நிறுத்தியிருந்தார். அவை பசியைத் தூண்டி எடையைக் கூட்டுகின்றன என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வைட்டமினிலும் தாதுக்களிலும் எடை கூட்டும் கலோரி இல்லை. ஆனால் எடை நின்றுபோன மாதத்தில் இப்படி ஒரு விளக்கம் கிடைத்தால், அதைப் பற்றிக்கொள்ள யாருக்கும் தோன்றும்.

தனியே பேசியபோது மேலும் சில தெரிந்தன. ‘இவ்வளவு செய்தும் இவ்வளவுதானா?’ என்று உறவினர் ஒருவர் கேட்டிருக்கிறார். வயிறு முன்பிருந்தபடியே தொங்குகிறது, அங்கே கொழுப்பு கரையவே இல்லை என்று அவர் உறுதியாக நம்பினார். அறுவை நிபுணர் பரிசோதித்தார். மடிந்து கிடந்தது பெரும்பாலும் தோல். பல ஆண்டுகள் விரிந்திருந்த தோல் 40 கிலோ போனபின் முழுமையாகச் சுருங்குவதில்லை. பட்டினி கிடந்தாலும் நடந்தாலும் அது போகாது. தோலைக் கரைப்பதற்காகத்தான் அவர் இத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறார் என்று உணர்ந்த அந்தச் சந்திப்பு எனக்கு இன்னும் வலியைத் தருவது.

இரண்டு கோரிக்கைகளோடு அவர் வந்திருந்தார். மறு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அல்லது பசியைக் குறைக்கும் ஊசி மருந்து வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறு அறுவை சிகிச்சையைக் குழு ஒருமனதாக மறுத்தது. வெறுமனே மறுத்தால் அவர் வேறிடம் தேடிப் போவார் என்பதால், அகநோக்கியால் பையையும் இணைப்பையும் பார்த்து, படத்தை அவரிடம் காட்டினோம். பை விரியவில்லை, இணைப்பு அகலமாகவில்லை. சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை. முதல் அறுவையைவிட மறு அறுவையில் கசிவு, தொற்று போன்ற ஆபத்துகள் அதிகம். ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்த ஒருவரை, அதுவும் ஹீமோகுளோபின் 9.4-இல் இருக்கும்போது, அந்த ஆபத்துக்கு உட்படுத்த நியாயம் இல்லை.

ஊசி மருந்து விவாதத்துக்கு உரியதுதான். லிராகுளுடைடு, செமாகுளுடைடு போன்ற மருந்துகள் அறுவைக்குப் பின் எடை திரும்பியவர்களுக்குப் பயன்படுகின்றன. இவருக்கு எடை திரும்பவில்லை; உணவுதான் போதவில்லை. 700 கலோரியில் இருப்பவரின் பசியை மேலும் அடக்குவது சிகிச்சை ஆகாது. பிற்காலத்தில் எடை தொடர்ந்து ஏறினால் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்று சொன்னோம். இப்படிச் சொன்னது முக்கியமானது என்று கருதுகிறேன். இனி எந்த வழியும் இல்லை என்ற பயம்தான் அவரைப் பட்டினியில் தள்ளியது.

இரும்புச் சத்தை இரத்த நாளம் வழியாகச் செலுத்த முடிவு செய்தோம். இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில். பைபாஸில் உணவு அதைத் தொடுவதே இல்லை. அவருக்கு மாதவிடாயும் தொடர்ந்தது. மாத்திரையால் மட்டும் ஃபெரிட்டினை 6-இலிருந்து மீட்க மாதக்கணக்காகும். பி12 ஊசி, வைட்டமின் டி, கால்சியம் சிட்ரேட் ஆகியவற்றை மீண்டும் தொடங்கினோம். நீண்ட நாள் குறைவாக உண்டவர்களுக்குத் தயமின் (வைட்டமின் பி1) குறைந்தால் நரம்பு பாதிக்கும் என்பதால் அதையும் முன்கூட்டியே கொடுத்தோம்.

உணவில், புரதத்தை 70 கிராமுக்கு உயர்த்துவது முதல் படி. ஒரே வேளையில் அவ்வளவும் அந்தச் சிறு பையில் அடங்காது என்பதால் நான்கைந்து சிறு வேளைகளாகப் பிரித்தேன். நடையைப் பாதியாகக் குறைத்து, வாரத்துக்கு மூன்று நாள் தசைக்கு எடை கொடுக்கும் பயிற்சியை இயன்முறை சிகிச்சையாளர் கற்றுக் கொடுத்தார். எடைக் கருவியை வாரம் ஒரு முறை, ஒரே நாளில், காலையில் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தம்.

எல்லாவற்றையும்விடக் கவனமாகச் செய்தது ஒரு முன்னறிவிப்பு. ‘ஒழுங்காக உண்ணத் தொடங்கினால் அடுத்த மூன்று மாதத்தில் இரண்டிலிருந்து நான்கு கிலோ வரை ஏறும். அது நீரும் தசையும். ஏறாவிட்டால்தான் நாங்கள் கவலைப்படுவோம்’ என்று கணவர் முன்னிலையில் சொன்னோம். மறுநாள் அவர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி: ‘அப்படியானால் 58 இனி வராதா?’ மனநல நிபுணரும் நானும் இணைப்பில் இருந்தோம். ‘வராது’ என்று நேராகச் சொன்னார் நிபுணர். அவர் அழுதார். சமாதானம் சொல்ல விரைந்திருந்தால் அந்த எண் இன்னும் ஓராண்டு உயிரோடிருந்திருக்கும். தொடர்ந்து எட்டு வாரம் மனநல நிபுணரைச் சந்தித்தார்.

தொடர்ந்து நடந்தவை

பதினெட்டாம் மாதம் எடை 80. ஹீமோகுளோபின் 12.1. எச்பிஏ1சி 5.9. ஏறிய மூன்று கிலோவைப் பற்றி அவர் அமைதியாகவே பேசினார். முன்பே சொல்லப்பட்டது நடந்ததில் அவருக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது. உறக்கப் பரிசோதனையை மறுபடி செய்தபோது மூச்சுத்தடை லேசான அளவுக்கு வந்திருந்தது. காற்றழுத்தக் கருவியை மருத்துவர் நிறுத்தினார். அது அவருக்கு எடை எண்ணைவிடப் பெரிய செய்தியாக இருந்தது. முகக்கவசம் இல்லாமல் உறங்குவதை அவர் ஒரு இலக்காக ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். அவரிடம் யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

இரண்டாம் ஆண்டு முடிவில் 80.5. இரத்த அழுத்தத்துக்கு இரண்டுக்குப் பதில் ஒரு மாத்திரை. முழங்கால் வலி முழுதாகப் போகவில்லை. தேய்ந்த மூட்டு எடை குறைந்ததால் திரும்ப வளராது. ஆனால் இரண்டு மாடியை நிற்காமல் ஏறினார்.

மூன்றாம் ஆண்டில் 83. இந்த ஏற்றம் அவரை மறுபடி கலக்கியது, ஆனால் இந்த முறை பரிசோதனையைத் தவிர்க்கவில்லை. தானாகவே முன்கூட்டி வந்தார். உணவுப் பதிவைப் பார்த்தேன். வேளைகளுக்கு இடையே கொறிப்பது கூடியிருந்தது, புரதம் 50-க்கு இறங்கியிருந்தது. காலப்போக்கில் பை சற்றே நெகிழ்ந்து உணவின் அளவு கூடுவதும், குறைந்த எடையில் உடல் குறைவாக ஆற்றல் செலவழிப்பதும் பலருக்கும் நடப்பவை. சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்தோம். நான்காம் ஆண்டில் 84. தொடக்க எடையிலிருந்து 34 கிலோ, அதாவது 29 சதவீதம் குறைவு. எச்பிஏ1சி 6.2, மாத்திரை இல்லை. அது மீண்டும் ஏறக்கூடும். பைபாஸ் சர்க்கரை நோயை வேரறுப்பதாக அவரிடம் நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. 2017-இல் ஐந்தாண்டு முடிவுகளை வெளியிட்ட ஸ்டாம்பீட் என்ற ஒப்பீட்டு ஆய்வில், பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம் பேர் எச்பிஏ1சி 6.0 அல்லது அதற்குக் கீழ் இருந்தனர். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். இந்த வேறுபாடு பெரியது. அதே சமயம், அறுவை செய்துகொண்டவர்களிலும் பெரும்பாலானோர் அந்த எல்லைக்கு வெளியே இருந்தார்கள்.

தோலை அகற்றும் அறுவை பற்றி இரண்டாம் ஆண்டு முடிவில் பேசினோம். எடை பல மாதம் நிலையாக இருந்து, இரத்த அளவுகளும் தேறிய பிறகே அதைச் செய்ய வேண்டும். அவர் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். மடிப்பில் புண் வந்தால் மறுபரிசீலனை.

நடைமுறையில் மாற்றியவை

இப்போது எங்கள் தாளில் ‘கூடுதல் எடையில் இத்தனை சதவீதம்’ என்ற வரியே இல்லை. மொத்த எடையின் சதவீதத்தைச் சொல்லி, உடனே அந்த நபரின் சொந்தக் கிலோவாக மாற்றி எழுதுகிறோம். வேறு அளவுகோலில் ஒரு எண்ணை எங்காவது படித்துவிட்டு வருபவர்களுக்கு அதையும் அவர்கள் முன்னாலேயே கணக்கிட்டுக் காட்டுகிறோம். மிகச் சிறந்த பலன் பெற்ற ஒருவரின் முன்-பின் படங்களைக் காத்திருப்பு அறையிலிருந்து எடுத்துவிட்டோம். அவை பொய் இல்லை. ஆனால் அவற்றைப் பார்ப்பவர் எவரும் தன்னைச் சராசரியாகக் கற்பனை செய்துகொள்வதில்லை.

விரும்பும் எடையைக் கேட்டபின் இன்னொரு கேள்வியும் கேட்கிறோம்: ‘நாங்கள் எழுதியிருக்கும் எல்லையின் மேல்முனையில், அதாவது அதிக எடையில், நீங்கள் நின்றுவிட்டால் அப்போதும் இந்த அறுவை சிகிச்சை வேண்டுமா?’ இதற்கு ‘வேண்டாம்’ என்பவர்களுக்கு அறுவைத் தேதி கொடுப்பதில்லை, மேலும் பேசுகிறோம். ‘நான் அதைவிட நன்றாகக் குறைப்பேன்’ என்பவர்களோடும் அப்படியே. இந்தப் பெண்மணி பின்னாளில் சொன்ன அந்தப் பதில்தான் எங்களை இந்தக் கேள்விக்குக் கொண்டுவந்தது. எடை சாராத மூன்று இலக்குகளையும் அவர்கள் கையால் எழுதச் சொல்கிறோம்: எந்த மாத்திரை நிற்க வேண்டும், எதைச் செய்ய முடிய வேண்டும், எந்த வலி குறைய வேண்டும் என்பவை போல.

ஒன்பதாம் மாதச் சந்திப்பின் பொருளே மாறிவிட்டது. முன்பு அது ஒரு வழக்கமான பரிசோதனை. இப்போது வேகம் குறையப்போவதைப் பற்றிப் பேசுவதற்கென்றே அரை மணி நேரம் ஒதுக்குகிறோம். வீட்டிலிருந்து ஒருவரையும் அழைக்கிறோம். ‘இவ்வளவுதானா?’ என்ற கேள்வி வீட்டிலிருந்து வருவதற்கு முன், அதற்கான பதில் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோலைப் பற்றியும் அங்கேயே, தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டாம் மாதம் வராதவரை ஒருங்கிணைப்பாளர் இரண்டு வாரத்துக்குள் மறுபடி அழைத்து, பதில் எதுவாயினும் இரத்தப் பரிசோதனைக்கு மட்டுமாவது ஏற்பாடு செய்கிறார். நன்றாக இருப்பவர்களும் வராமல் இருக்கிறார்கள், மனம் உடைந்தவர்களும் வராமல் இருக்கிறார்கள். தொலைபேசியில் இருவரின் பதிலும் ஒன்றாகவே இருக்கிறது. இரத்தப் பரிசோதனை அவர்களைப் பிரித்துக் காட்டுகிறது.

அவருடைய ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனைக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேனும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. பைபாஸுக்குப் பின் கால்சியம் குறைவாக உறிஞ்சப்படுவதாலும் அவர் மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குவதாலும் அது தேவைப்படுகிறது. எடையில் 88-ஐத் தாண்டினால் ஊசி மருந்தைப் பற்றிப் பேசுவது என்று அவரும் குழுவும் சேர்ந்து ஓர் எல்லை வகுத்திருக்கிறோம். அந்த எண்ணை முன்மொழிந்தவர் அவர்தான்.